மோசேயின் மாமனார் கண்ணில் பட்டது: ஓடிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை யார் எடுத்தாலும் நிர்வாகப் பாடமாகத்தான் பிரசங்கம் பண்ணுவார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒரு தலைவர், வேலையைப் பிரித்துக் கொடு என்று போகும். அதிகாரத்தின் தொடக்கத்தை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. மோசேயின் மாமனார் எத்திரோ தனியாக வரவில்லை. மகள் சிப்போராளையும் இரண்டு பேரன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். பிரிந்திருந்த குடும்பம் வனாந்தரத்தில் ஒன்றுசேர்கிறது. மோசே எதிர்கொண்டுபோய் மாமனாரை வணங்கி முத்தம் செய்கிறார், கூடாரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்கிறார், பலி செலுத்திச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அப்புறம் 13ஆம் வசனம் "மறுநாள்" என்று ஆரம்பிக்கிறது. மறுநாள் காலையில் வழக்கு கேட்க உட்கார்ந்த மோசே சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்த மறுநாள்! சிப்போராள் என்ன நினைத்தாள் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது" என்று மருமகனிடம் நேராகவே சொன்னார். நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடு இருக்கிறவர்களும் தொய்ந்துபோவார்கள் என்றார்.

மோசே செய்துகொண்டிருந்தது தேவனுடைய வேலை. அதனால்தான் இந்தக் கதை நம் வீடுகளுக்குப் பொருந்துகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களின் நேரத்தைத் தின்பவை பெரும்பாலும் கெட்ட காரியங்கள் இல்லை. அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு, பாட்டு வகுப்பு, பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, ஜெபக்கூட்டம், உறவுக்காரர் வீட்டு விசேஷம். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லதுதான். மொத்தமாகச் சேர்ந்து வீட்டை மிதித்துவிடுகின்றன.

இந்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேரத்தை மிச்சம் பிடிக்கும் தந்திரங்கள் இதில் கிடையாது. மிச்சம் பிடித்த அரை மணி நேரத்தில் இன்னொரு வேலையைத்தான் வைப்போம், அனுபவத்தில் சொல்கிறேன். என் எண்ணம் வேறு: ஓய்வை முதலில் போட்டுவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நாளை எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் ஒவ்வொரு நாளும் முடிகிறது. சாயங்காலம் முந்தி வருகிறது. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். அவன் முழுதாகப் பார்த்த முதல் நாள் ஏழாம் நாள், ஓய்வுநாள். வேலை செய்து களைத்த பிறகு கிடைத்த கூலியாக அது அவனுக்கு வரவில்லை.

கிளம்புமுன் ஒரு கேள்வி

ஓய்வெடுத்தால் உங்களுக்குக் குற்ற உணர்வு வருகிறதா? பலருக்கு வரும். சும்மா உட்கார்ந்தால் யாரோ பின்னால் நின்று "சோம்பேறி" என்பதுபோல இருக்கும். அது யாருடைய குரல் என்று பார்த்துவிடுவது நல்லது. வேதத்தில் அந்த வார்த்தையை ஒரு களைத்த ஜனத்தைப் பார்த்துச் சொன்னவன் பார்வோன். இஸ்ரவேலர் தங்கள் தேவனுக்குப் பண்டிகை கொண்டாட மூன்று நாள் கேட்டார்கள். அவன் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல், "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், சோம்பலாயிருக்கிறீர்கள்" என்றான். இரண்டு முறை சொன்னான் என்று யாத்திராகமம் 5 எழுதி வைத்திருக்கிறது.

பத்துக் கட்டளைகள் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம், கர்த்தர் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5இல் காரணம் மாறுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன் தேவன் உன்னை வெளியே கொண்டுவந்தார், அதை நினைத்துக்கொள். அடிமைக்கு விடுமுறை கேட்கிற உரிமை கிடையாது. விடுதலையானவனுக்கு உண்டு. இது மனதில் பதிந்தால்தான் கீழே சொல்லும் காரியங்கள் நாலு வாரத்துக்கு மேல் நிற்கும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு பெரிய தாள் எடுங்கள். ஏழு பத்தி, ஒவ்வொன்றிலும் இருபத்துநாலு கட்டம். மொத்தம் 168 மணி நேரம். வீட்டில் எழுதத் தெரிந்த எல்லாரும் அவரவர் நேரத்தை அதில் எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகள் படம் வரையட்டும். போக்குவரத்து, காத்திருக்கும் நேரம், கைப்பேசி, பாத்திரம் கழுவுவது, ஞாயிறு பள்ளிப் பாடம் தயாரிப்பது எல்லாம் ஏற வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா துணி மடிப்பதும் ஏற வேண்டும். அதைத்தான் பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள்.

இந்த வாரத்தில் திருந்தாதீர்கள். எழுதுகிறோமே என்று வெட்கப்பட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

வாரக் கடைசியில் ஒரு மஞ்சள் பென்சிலால் ஒன்றே ஒன்றைக் குறியுங்கள்: எல்லாரும் விழித்திருந்து, ஒரே இடத்தில், அவசரமில்லாமல் இருந்த நேரம். எங்கள் வீட்டில் முதல் தடவை இப்படிச் செய்தபோது, இரண்டு இடத்தில்தான் மஞ்சள் வந்தது. அதிலும் ஒன்று ஞாயிறு காலை சபைக்குக் கிளம்புகிற நேரம். அது மஞ்சள் இல்லை, சிவப்பு அடிக்க வேண்டிய இடம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். ஒரு கட்டம்தான் மிஞ்சியது.

"எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்கிற 90ஆம் சங்கீதத்து ஜெபத்தை நாம் அதிகமும் அடக்க ஆராதனையில் கேட்கிறோம். ஒரு சாதாரண வாரத்துத் தாளின் முன்னால் உட்கார்ந்தும் அதை ஜெபிக்கலாம்.

இரண்டாம் வாரம்: இதற்கு ஏன் ஒத்துக்கொண்டோம்?

பிள்ளைகள் தூங்கின பிறகு கணவனும் மனைவியும் தாளோடு உட்காருங்கள். ஒற்றைப் பெற்றோராக இருந்தால் நம்பிக்கையான ஒரு நண்பரையோ தோழியையோ கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தாளில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள்: இதற்கு ஏன் ஒத்துக்கொண்டோம்? பிழைப்புக்காக, அன்பால், கடமையால் என்று சிலது வரும். அவற்றோடு வாதாட வேண்டாம். பயத்தால், பெருமையால், மறுக்கத் தெரியாமல், மற்றவர்கள் செய்கிறார்களே என்று சிலது வரும். அங்கேதான் வேலை இருக்கிறது.

இதில் ஒரே ஒரு விதி: முதலில் அவரவர் தங்கள் காரியங்களுக்கு மட்டும் காரணம் எழுத வேண்டும். "நீ ஏன் அந்தக் குழுவில் சேர்ந்தாய்" என்று ஆரம்பித்தால் அந்த ராத்திரி வீணாகிவிடும்.

இயேசுவை வீட்டில் ஏற்று உபசரித்த மார்த்தாளைப் பற்றி (லூக்கா 10) இங்கே ஒரு வார்த்தை. அவளைக் குறை சொல்லாத பிரசங்கம் அபூர்வம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயேசு அவளுடைய சமையலைக் குறை சொல்லவே இல்லை. "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று அவள் மனதின் நிலையைத்தான் சொன்னார். அதற்கு முன்னால் அவள் செய்தது என்ன? தங்கை சும்மா உட்கார்ந்திருப்பதைக் கணக்கெடுத்தாள். ஆண்டவருக்கே உத்தரவு போட்டாள், அவளை எனக்கு உதவி செய்யச் சொல்லும் என்று. நம் வீட்டிலும் இதுதான் அறிகுறி. மற்றவர் என்ன செய்யவில்லை என்று எண்ணத் தொடங்கிவிட்டோமானால், அளவுக்கு மேல் சுமக்கிறோம் என்று அர்த்தம்.

எல்லாம் எழுதி முடித்ததும் ஒன்றை நீக்குங்கள். ஒன்றே ஒன்று, போதும். மூன்று மாதத்துக்கு நிறுத்திப் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டால் மனம் எளிதாக இணங்கும். பிரசங்கி 4:6 சொல்வதுபோல, மனச்சஞ்சலத்தோடு இரண்டு கை நிறைய வைத்திருப்பதைவிட அமைதியோடு ஒரு கை நிறைய இருப்பது நல்லது.

மூன்றாம் வாரம்: ஒரு மாலை

நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிரசங்கம் கேட்டு உணர்ச்சிவசப்பட்டு, "இனிமேல் ஞாயிறு முழுக்க ஓய்வு" என்று அறிவிப்பார்கள். இரண்டாம் ஞாயிறே உடைந்துவிடும். முழு நாளில் ஆரம்பிக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை, ஆறு மணியிலிருந்து தூங்கும்வரை, ஏறக்குறைய நாலு மணி நேரம். அதைத் தாளில் முதலில் எழுதுங்கள், பேனாவால். மற்றதெல்லாம் பென்சிலால்.

எந்த நாள்? எல்லாருக்கும் முடிகிற நாள். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள் என்பதால் சனி மாலை தொடங்குவது பல வீடுகளுக்குப் பொருந்தும். ஞாயிறு காலைச் சண்டையும் அதனால் பாதி குறையும், ஏனென்றால் உடை, வேதப்புத்தகம், காணிக்கை எல்லாம் முந்தின நாளே எடுத்து வைத்தாகிவிடும். போதகர் குடும்பங்களுக்கும், ஞாயிறன்று வேலைக்குப் போகும் செவிலியர், காவலர், ஓட்டுநர் வீடுகளுக்கும் வேறு நாள் வேண்டியிருக்கும். அதில் தப்பே இல்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று சொன்னவர் ஆண்டவரே.

இனி முக்கியமான சங்கதி. அந்த மாலையில் யார் சமைப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஓய்வு மாலை வைத்தால், அப்பாவும் பிள்ளைகளும் ஓய்வெடுப்பார்கள், அம்மா பரிமாறுவாள். அதற்குப் பெயர் ஓய்வு இல்லை. ஓய்வுநாளைப் பற்றிய நாலாம் கட்டளையை மெதுவாக வாசியுங்கள். நீ மட்டும் வேலை செய்யாதே என்று அது நிற்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று எண்ணி எண்ணிச் சொல்கிறது. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் உழைக்கும் ஏற்பாட்டைக் கட்டளை முன்கூட்டியே அடைத்துவிட்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவான மன்னா விஷயத்திலும் அப்படியே. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்துக்கொண்டு, சுட வேண்டியதைச் சுட்டு, வேவிக்க வேண்டியதை வேவித்து, மீதியை மறுநாளுக்கு வைக்கச் சொன்னார் மோசே. மற்ற நாட்களில் விடியும்வரை வைத்த மன்னா பூச்சிபிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக வைத்தது மட்டும் கெடவில்லை.

ஆகவே ஓய்வுக்கு முந்தின நாள் ஆயத்த நாள். சமையல், துணி, வீட்டுப்பாடம், கட்ட வேண்டிய கட்டணம், அனுப்ப வேண்டிய அலுவலகச் செய்தி எல்லாம் அப்போதே முடிய வேண்டும். அந்த வேலையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை தட்டு எடுத்து வைக்கலாம். பதினாலு வயதுப் பையன் ஒரு எளிய சமையல் செய்யலாம், கொஞ்சம் கருகினாலும் பரவாயில்லை. ஓய்வு மாலையின் பாத்திரங்கள் தொட்டியில் கிடக்கட்டும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சிலருக்கு உபவாசத்தைவிடக் கஷ்டம்.

ஆறு மணி ஆனதும் யாராவது ஒருவர் சின்ன ஜெபம் ஒன்று செய்யட்டும், முறை வைத்து. "ஆண்டவரே, முடிக்காத வேலைகள் இருக்கின்றன, அவற்றை உம்மிடம் விட்டுவிட்டு உட்காருகிறோம்" என்ற அளவில் போதும். கைப்பேசிகளை ஒலியை அடைத்து ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள், அப்பாவுடையதும் சேர்த்து. வயதானவர்கள், நோயாளிகள் அழைக்கலாம் என்றால் ஒரு கைப்பேசியில் மட்டும் ஒலி இருக்கட்டும்.

அப்புறம் என்ன செய்வது? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். திட்டம் போடாதீர்கள் என்பதே என் பதில். சாப்பிடலாம், நடக்கலாம், விளையாடலாம், பாடலாம், சீக்கிரம் தூங்கலாம். தம்முடைய பிரியமானவனுக்குக் கர்த்தர் நித்திரை கொடுக்கிறார் என்று 127ஆம் சங்கீதம் சொல்கிறது. தூக்கமும் ஈவுதான். இந்த மாலையை இரண்டு மணி நேர வேதபாடமாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். குடும்ப ஜெபத்துக்கு நான் விரோதி இல்லை, அது தினமும் வேண்டும். ஆனால் பிள்ளைகள் "ஓய்வு" என்றாலே இன்னொரு கூட்டம் என்று எண்ண ஆரம்பித்தால் இத்தனை பாடும் வீண். உபாகமம் 6 பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் இடங்களைப் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுத்துக்கொள்ளும்போது, எழுந்திருக்கும்போது. உட்காரவும் நடக்கவும் நேரமிருக்கிற வீட்டில்தான் அது நடக்கும்.

முதல் இரண்டு மூன்று மாலைகள் நன்றாக இருக்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் "போர் அடிக்குது" என்பார்கள். உங்கள் கை சட்டைப்பையைத் தடவும். இத்தனை நாள் ஓட்டத்துக்கு அடியில் மூடிக்கிடந்த ஒரு மனஸ்தாபம் மேலே வரலாம். ஓடிக்கொண்டிருந்ததே அதைப் பார்க்காமல் இருக்கத்தானோ என்றுகூடத் தோன்றும். பயப்பட வேண்டாம். சலிப்பை நிரப்பாமல் விட்டுவைத்தால் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் தாங்களே ஏதாவது கண்டுபிடிப்பார்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

நாலு வாரம் நின்றுவிட்டால் மறுநாள் மதியம்வரை நீட்டுங்கள். அதுவும் பழகினால் இருபத்துநாலு மணி நேரம்.

மறுக்கப் பழகுவது

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு காட்சி. கப்பர்நகூமில் ராத்திரிவரை நோயாளிகள் வாசலில் கூடியிருந்தார்கள். இருட்டோடே எழுந்து இயேசு தனியே ஜெபிக்கப் போய்விட்டார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். நாமாக இருந்தால் அடித்துப்பிடித்துத் திரும்பியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்றார். தேடியவர்களின் தேவை உண்மையானதுதான். ஆனாலும் அந்தக் காலையில் அது அவருக்குரிய வேலையாக இருக்கவில்லை. ஜெபித்து எழுந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

மறுப்பதில் நாம் செய்யும் தவறு, நீளமாகக் காரணம் சொல்வது. ஒவ்வொரு காரணமும் எதிராளிக்கு ஒரு பிடி. "அன்று மாலை பையனுக்கு வகுப்பு இருக்கிறது" என்றால் "அப்போ அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்ன மத்தேயு 5:37 இங்கே நடைமுறைக்கு அப்படியே உதவும். சில வாக்கியங்களைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்:

"கேட்டதற்கு நன்றி. இந்த வருஷம் என்னால் முடியாது."

"வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்." (இதைச் சொன்னால் மறுநாள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இழுத்தடிப்பது மறுப்பதைவிட மோசம்.)

"அன்று மாலை குடும்பத்துக்கு என்று வைத்திருக்கிறோம்."

"ஐயா, ஞாயிறு பள்ளியில் தொடர்ந்து பாடம் எடுக்கிறேன். பாடகர் குழுவுக்கு வேறு யாரையாவது பாருங்கள். இரண்டையும் எடுத்தால் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்வேன்."

கடைசியாகச் சொன்னது போதகரிடம் சொல்லவேண்டியது. அதுதான் நமக்கு வாயில் வராது. ஊழியத்துக்கு இல்லை என்று சொன்னால் தேவனுக்கே இல்லை என்று சொன்னதாகத் தோன்றும். ஒரு சபையில் பத்துப் பேரே எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் விலகும் இடத்தில்தான் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். எத்திரோ சொன்னதும் இதைத்தானே. சபைத் தலைவர்கள் இதை வாசித்தால் ஒரு விண்ணப்பம்: வாரத்தில் ஒரு மாலையைக் கூட்டம் எதுவும் வைக்காத மாலையாக அறிவித்துப் பாருங்கள். "குடும்பங்களுக்காக" என்று சொல்லி இன்னொரு கூட்டம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உறவுக்காரர்களிடம் மறுப்பது தனிக் கலை. அங்கே ஒரேயடியாக வெட்டிப் பேச முடியாது. முழு நாள் விசேஷத்துக்கு ஒரு மணி நேரம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது நல்ல வழி. கணவன் வீட்டாரிடம் கணவனும், மனைவி வீட்டாரிடம் மனைவியும் பேசுங்கள். மாற்றிப் பேசினால் பழி ஒருவர் மேல் விழுந்துவிடும்.

பிள்ளைகளின் வகுப்புகள்

ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு வகுப்பு. இது எங்கள் வீட்டு விதி, வேதக் கட்டளை இல்லை. உங்கள் வீட்டில் இரண்டாக இருக்கலாம். எண் எதுவானாலும், புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். எதை விடுவது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் நாம் எதிர்பார்த்ததை விடமாட்டார்கள். அப்போது அந்த வகுப்பு யாருடைய ஆசை என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம்

எல்லாரும் சேர்ந்திருப்பது ஒன்று, ஒரு பிள்ளையோடு மட்டும் இருப்பது வேறு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாடல்களால் அறியப்பட்ட சார்லஸ் வெஸ்லி இருவரின் தாய் சுசன்னா வெஸ்லி. அவர் பெற்றது பத்தொன்பது பிள்ளைகள், வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர். கணவர் போதகர், ஊரில் இல்லாத காலங்களும் உண்டு, கடனும் உண்டு. 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச முறை வைத்திருப்பதைச் சொல்கிறார். திங்கள் மோலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜாக்கிக்கு, வெள்ளி பாட்டி (Patty) என்ற மகளுக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலிக்கும் சூக்கிக்கும் சேர்த்து. அந்த ஜாக்கிதான் ஜான் வெஸ்லி. வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த காலத்தில் அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அந்த வியாழன் மாலை நேரத்தைத் தனக்காகத் தரமுடியுமா என்று கேட்கிறார். சிறுவயதில் கிடைத்தது அவ்வளவு ஆழமாக நின்றிருக்கிறது.

நமக்கு இரண்டு மூன்று பிள்ளைகள்தான். வாரத்தில் ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம் போதும். நாளைக் குறித்துவிடுங்கள். புத்திமதிக்கு அந்த நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். மதிப்பெண் பேச்சு வேண்டாம். "இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கணவன் மனைவிக்கும் இதே மாதிரி ஒரு நேரம் வேண்டும், பிள்ளைகளைப் பற்றியே பேசாத நேரமாக.

ஓய்வெடுக்கவே முடியாத வீடுகள்

இத்தனையும் வாசித்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் நடக்காது" என்று சிலர் சொல்வார்கள். படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்ப்பவர், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளையின் தாய், இரண்டு வேலை பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர். அவர்கள் சொல்வது உண்மை. அவர்களுக்கு ஓய்வைப் பற்றிய போதனை தேவையில்லை, மாற்று ஆள் தேவை. சபையில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், மாதத்தில் ஒரு மாலை நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அவர்களை வெளியே அனுப்புங்கள். உங்கள் தாளிலிருந்து நீக்கிய அந்த ஒரு காரியத்தின் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.

அந்த நிலையில் இருப்பவர் நீங்களே என்றால், 1 இராஜாக்கள் 19ஐ ஒரு தடவை வாசியுங்கள். சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்திருந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தடவையும் வந்து அதையே சொன்னான். உதவி கேளுங்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், "செவ்வாய் மாலை இரண்டு மணி நேரம் அப்பாவோடு யாராவது இருக்க முடியுமா?" என்று.

உடைந்துபோகும் வாரங்கள்

தேர்வு வரும், காய்ச்சல் வரும், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் வரும். யாத்திராகமம் 34:21 விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திருக்கச் சொல்கிறது, அதாவது வேலை அதிகம் என்பது தானாகவே ஒரு சாக்காகிவிடாது. அதே சமயம், பக்கத்து வீட்டில் ஒரு துக்கம் என்றால் ஓய்வு மாலையைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

சீஷர்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தபோது, தனித்துச் சற்றே இளைப்பாறப் போவோம் வாருங்கள் என்று இயேசு படகில் ஏற்றிக்கொண்டு போனார். கரை சேர்ந்தால் ஜனங்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஓய்வு போயிற்று. அவர் எரிச்சல்படவில்லை, மனதுருகினார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் போட்டார். நாம் அதிகம் கவனிக்காதது அதற்கு அடுத்தது. சாப்பாடு முடிந்த உடனேயே சீஷர்களைப் படகேற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, அவர் ஜெபிக்க மலைக்கு ஏறிப்போனார். தவறிய ஓய்வை அன்று ராத்திரியே திரும்ப எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் மாலை போய்விட்டதா? அடுத்த மூன்று நாளுக்குள் இன்னொரு மாலையை எடுத்துப் பேனாவால் எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் போய்விட்டதென்றால், இரண்டாம் வாரத்துத் தாளைத் திரும்ப எடுத்து, புதிதாக எதற்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று பாருங்கள். ஏதாவது ஒன்று நுழைந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்துப் புதுத் தாள் ஒன்றில் மறுபடியும் ஒரு வாரத்தை எழுதிப் பழையதின் பக்கத்தில் ஒட்டுங்கள். மஞ்சள் பென்சிலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.